ஆசு ஆட்டமும் ஆட்ட யாப்பும்

ஆண்டுவிழா மேடையிலே நம் காலனிக் குழந்தைகள் ஆடுவதைக் கண்டு களிக்காத பெற்றோர் இலர். அலாரிப்பும் கும்மியும் கோலாட்டமும் வரும். அவற்றின் பின்னே திரைப்படப் பாட்டுகளும் வரிசையாக வரும். கைதட்டல் அடங்கியதும் எவரேனும் ஒருவர், "இந்த ஆட்டத்தை அமைத்தவர் யார்?" என்று வினவுவாராயின், ஆசிரியையின் பெயர் சொல்லப்படும், அல்லது அந்த ஆசிரியைக்குக் கற்பித்தவரின் பெயர், சில வேளைகளில் ஒரு திரைப்படத்தின் பெயர். ஆடிய குழந்தையின் பெயர் சொல்லப்படுவதே இல்லை. ஆடக் கற்பிப்பது போலவே ஆட்டத்தை அமைக்கவும் கற்பிக்கலாமோ? அப்படிக் கற்பித்தவர் நம் நாட்டில் இருந்தனரோ? இருந்தனர் என்பது மட்டுமன்று. அவர்களுள் பலர் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை நம் பம்பாய் நகரிலேயே கழித்தனர் என்பதை அறிந்தபோது நமக்கு வியப்பு மேலிட்டது. நாம் நாட்டியப் புலவர் அல்லேம். இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடு எழுதுபவரே. எனினும் படித்தறிந்தவற்றைத் தொகுத்து அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

முதலில் சொல்லைத் தெளிவு செய்துகொள்வோம். புலவரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகையாகப் பகுப்பது நம் வழக்கு. அவருள் ஆசுகவி என்பார் கொடுத்த பொருளில், கொடுத்த அடியில், நின்ற நிலையிலேயே பாட வல்லவர். காளமேகத்தின் பெயர் அதனாலேயே நாட்டில் நிலைத்தது. மேனாட்டுப் புதுநாட்டியப் பள்ளிகளில் அப்போதைக்கப்போது தோன்றுவதை ஆடும் பயிற்சி ஒன்று உண்டு. அதனை ஆசு ஆட்டம் எனலாம். அவ்வாறு தோன்றியவற்றுள் வேண்டுவனவற்றைத் தெரிந்து, முன்பின் வைத்து, தொடக்கமும் முடிவும் உடைய ஒன்றாகக் கட்டுவது மற்றொரு பயிற்சி. அதனை ஆட்ட யாப்பு எனலாம். யாத்தல் என்றால் கட்டுதல் அன்றோ?

பெற்றோர் பலர் இதனைக் கேட்டதும் முகம் சுளிப்பர். "சொந்தமாக ஆடுவதாவது! மனம் போன போக்கில் கைகாலை உதறுவதற்குப் பயிற்சி எதற்கு? பணம் எதற்கு?" என்பர். அவர்களுடைய அச்சத்தில் பொருள் இல்லாமல் இல்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பட்டுக்கும் சலங்கைக்கும் பக்கவாத்தியத்துக்கும் கொடுத்து அரங்கேற்றம் நடத்தும் குடும்பம், கைவந்த ஒரு மரபை விட்டுக் கைவராத ஒன்றைத் தேடுமோ? ஆயினும் ஆசுகவியை எண்ணிப் பாருங்கள். அவரிடம் எவரும் "ஏதேனும் பாடுக" என்று சொல்லவில்லை. ஈற்றடியைக் கொடுத்து, முதல் மூன்றடியையும் அதற்கிசையப் பாடச் சொன்னார்கள். கட்டு இருந்ததனாலேயே கற்பனை விரைந்தது. ஆட்டத்திலும் அவ்வாறே. "ஏதேனும் ஆடு" என்றால் குழந்தை விழித்துக்கொண்டு நிற்கும். "கைகளை முதுகின்பின் கட்டிக்கொள், எட்டு அடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போ, தரையில் கிடக்கும் ஒன்றைத் தேடுபவள்போலப் போ" என்று சொன்னால், இருபது குழந்தைகள் இருபது வகையாய்ப் போவர். இக்கலையைக் கற்பித்தவர் அனைவரும், எந்நாட்டவராயினும், செய்தது இந்த ஈற்றடி கொடுக்கும் வேலையே என்பது நம் துணிபு.

நம் மரபில் இது முற்றும் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவளுக்குக் கற்பித்த ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோவடிகள் விரிவாகவே சொல்கிறார். பிற்காலத்தே தஞ்சையில் சரபோஜி மன்னர் அவையை அணிசெய்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர், அலாரிப்பு தொடங்கித் தில்லானா ஈறாக இன்று நாம் காணும் கச்சேரி முறையை வகுத்தனர். அஃது ஆட்ட யாப்பே. பதத்திற்கு அபிநயம் பிடிக்கையில் ஒரே அடியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் ஒவ்வொரு முறையும் புதியதொரு பொருள் தோன்றக் காட்டுவது மனோதர்மம். அஃது ஆசு ஆட்டமே. ஸ்ரீமதி பாலசரஸ்வதிக்கு இவ்வகையில் கூச்சிப்பூடி மரபைச் சேர்ந்த வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியார் கற்பித்தார் என்பர். ஆனால் ஒன்று கவனித்தல் வேண்டும். நம் மரபில் இவ்வுரிமை பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின்பே கிடைத்தது. கோவை அமைப்பது தட்டுக்கழி பிடித்த நட்டுவனாரின் வேலை. மாணவியின் வேலை அதனை வழுவாது ஆடுவது. முதல் நாளிலிருந்தே மாணவரிடம் "நீ ஒன்று செய்து காட்டு" என்று கேட்கும் பள்ளி நம் நாட்டில் தோன்றியது 1940ஆம் ஆண்டையொட்டி, இமயமலைச் சாரலில்.

அதற்கு முன்னதாக மேனாட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் பிறந்த இசடோரா டங்கன் பாலே நடனத்தின் இறுகிய காலணியைக் கழற்றி எறிந்து வெறுங்காலுடன் ஆடினார். ஜெர்மனியில் மேரி விக்மன் 1920இல் டிரெஸ்டன் நகரில் பள்ளி தொடங்கினார். அமெரிக்காவில் லூயி ஹார்ஸ்ட் என்னும் இசைவாணர் ஆட்ட யாப்பைத் தனிப் பாடமாகவே நடத்தினார். பழைய இசை வடிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் அளவுக்குள் அடங்க ஓர் ஆட்டம் செய்து வருமாறு மாணவரைப் பணித்து, கொண்டுவந்ததை ஈவிரக்கமின்றி ஆராய்வார். இவற்றுள் நம் கதைக்கு வேண்டியது டிரெஸ்டன் பள்ளி. ஏனெனில் 1930 முதல் மூன்றாண்டுகள் அங்கே பயின்றவர் நம் நாட்டு முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணி ஒருவர். பிற்காலத்தில் ஜோரா சேகல் என்று புகழ்பெற்றவர் அவரே. ஆசு ஆட்டம் அங்கே நாள்தோறும் நடந்த பாடம்.

இனி உதயசங்கர். 1900இல் உதயப்பூரில் பிறந்த வங்காளியாகிய இவர் முதலில் ஓவிய மாணவர். நம் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பின்னர் இலண்டன் அரச கலைக் கல்லூரியிலும் பயின்றவர். 1923இல் உருசிய நாட்டியப் பேரரசி அன்னா பாவ்லோவா இந்தியக் கருத்துடைய ஆட்டங்களை அமைக்கத் துணை தேடியபோது இவர் கிடைத்தார். அவருடன் கிருஷ்ணனாக ஆடினார். அப்போது இவர் எந்தக் குருவிடமும் முறையாக நாட்டியம் கற்றிருக்கவில்லை! கண்ட சிற்பங்களையும் ஓவியங்களையும் நாட்டுப்புற ஆட்டங்களையும் நினைவிலிருந்து உடலில் ஏற்றி ஆடினார். கதகளி கற்றதெல்லாம் பிற்பாடு. இதனைக் குறையாகச் சொல்வோர் பலர். நாம் வேறுவகையாக நினைக்கிறோம். கற்பிப்பார் இல்லாதவன் தானே வழி கண்டான். வழி கண்டவன் ஆதலின், அவ்வழியைப் பிறர்க்கும் காட்ட இயன்றது.

இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் ஹால் என்னும் இடத்தில் எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியர் நடத்திய கலை நிலையத்தை உதயசங்கர் கண்டார். அத்தம்பதியர் அளித்த பொருளுதவியும் சேர, அல்மோராவில் சிம்டோலா என்னும் இடத்தில் அவருடைய கலாசார மையம் 1938 முதல் உருப்பெற்று, 1940இல் முழுமையாக நடக்கலாயிற்று. ஐந்தாண்டுப் பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பு ஜோராவுக்குக் கிடைத்தது. டிரெஸ்டனில் கற்றது வீண்போகவில்லை.

ஆசிரியர் வரிசையைப் பாருங்கள். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. மணிப்புரிக்கு அமோபி சிங். இசைக்கு அலாவுதீன் கான். பரதநாட்டியத்திற்கு நம் கந்தப்ப பிள்ளை! தஞ்சை நால்வர் வழியில் வந்தவர், பாலசரஸ்வதியின் குரு. சென்னையில் இளம் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைக் கண்டு வியந்தவர் உதயசங்கர். அத்தகைய ஆட்டத்தை உருவாக்கிய ஆசானைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள அவர் விரும்பியதில் வியப்பில்லை. தஞ்சை மரபின் நட்டுவனார் ஒருவர், தேவதாரு மரங்கள் நிறைந்த குளிர்மலையிலே, தமிழ் அறியாத வங்காளி, பஞ்சாபி, குஜராத்தி இளைஞர்க்குத் தட்டடவு சொல்லிக் கொடுத்த காட்சியை எண்ணுந்தோறும் நமக்கு உள்ளம் நெகிழ்கிறது. வேற்றுமொழி நாட்டில் வேலைக்கு வந்து வாழும் நமக்கு அது விளங்காதா? உடல்நலம் குன்றித் திரும்பிய அவர், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது.

அல்மோராவில் மாணவர் மேற்சொன்ன மரபு ஆட்டங்களைத் தனித்தனியே கற்றனர். அவற்றிற்கு அப்பால் எல்லாரும் கூடும் பொது வகுப்பு ஒன்று உண்டு. அதனை உதயசங்கரே நடத்துவார். நடப்பதே முதற்பாடம். தாளத்திற்கு நடத்தல், தாளத்தைக் கடந்து நடத்தல், கூட்டமாக நடக்கையில் அடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று பாராமலே அறிதல். பின்னர் ஒரு கருத்தைக் கொடுப்பார். மாணவர் அதனை உடனே ஆடிக்காட்டுவர். மற்றவர் அமர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்வர். கவனித்தலும் கற்பனையும் அங்கே தனிப் பயிற்சிகள். சந்தையில் கண்ட கிழவியின் கைவீச்சு, சுமைகூலியின் கழுத்து ஆகியன நினைவில் நிற்க வேண்டும். பின்னர் அவற்றைப் பெரிதாக்க வேண்டும், சிறிதாக்க வேண்டும், விரைவு மாற்ற வேண்டும். இதிலிருந்தே யாப்புக்குப் படி எடுத்து வைப்பர். ஒரு சிறு அசைவு கிடைத்தால் அதனை மூன்று பேருக்குக் கொடுத்து ஒருவர்பின் ஒருவராய்த் தொடங்கச் செய்தால் அலை பிறக்கிறது. மூவரும் ஒருங்கே செய்தால் அணிவகுப்புப் பிறக்கிறது. ஒருவர் மட்டும் செய்யாமல் நின்றால் கதை பிறக்கிறது. கதை எழுதுவார்க்கும் இஃது உதவும்.

உதயசங்கரின் படைப்புகளுள் 'உழைப்பும் இயந்திரமும்' என்னும் பொருள் கொண்ட ஒன்று பெயர்பெற்றது. மனிதர் இயந்திரத்தின் பற்சக்கரமாகவும் நெம்புகோலாகவும் ஆகிவிடுவதை அது காட்டும். இவ்வகை ஆட்டம் அவர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948இல் வெளியிட்ட 'கல்பனா' திரைப்படத்திலும் உண்டு. அதே ஆண்டில் அதே ஸ்டூடியோவிலிருந்து வாசன் அவர்களின் 'சந்திரலேகா' முரசு நடனத்தோடு வந்து நாட்டையே கலக்கியது. 'கல்பனா' அவ்வாறு ஓடவில்லை. பிற்காலத்தில் அப்படச்சுருள் செப்பனிடப்பெற்று 2012இல் பிரான்சு நாட்டின் கான் விழாவில் திரையிடப்பட்டது. இருப்புப்பாதைப் பணிமனையை ஒருமுறையேனும் பார்த்தவர்க்கு அந்த இயந்திர ஆட்டத்தின் தாளம் சட்டெனப் புலப்படும்.

அல்மோரா மையம் 1944இல் மூடப்பட்டது. போர்க்காலம், பொருள் முடை, உள் மனத்தாங்கல் எல்லாம் கூடின. நான்கைந்து ஆண்டுகளே நடந்த பள்ளி அது. ஐந்தாண்டுப் பாடத்திட்டம் ஒரு முறைகூட நிறைவுறவில்லை. ஆனால் அதன் மாணவர் பட்டியலைப் பார்த்தால் தோல்வி என்று சொல்ல நா எழாது. குருதத் அங்கே பயின்றவர். திரைப்படத்துறைக்கு அவர் நடன அமைப்பாளராகவே வந்தார். நரேந்திர சர்மா தில்லியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதுநாட்டியம் கற்பித்து ஒரு தலைமுறையை உருவாக்கினார். சச்சின் சங்கர் பம்பாயில் தம் பாலே குழுவை அமைத்தார். ஜோரா லாகூரில் கணவரோடு பள்ளி நடத்தி, பின்னர்ப் பம்பாய் வந்து பிருதுவி நாடகக் குழுவில் சேர்ந்தார். கலைந்த கூட்டம் பெரும்பாலும் நம் நகருக்கே வந்தது என்க.

அவ்வாறு வந்தவருள் நம் உள்ளம் கவர்ந்தவர் சாந்தி பர்தன். 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட காலம். இந்திய மக்கள் நாடக மன்றம் அவ்வாண்டில்தான் பம்பாயில் தோன்றிற்று. அதன் மையக் குழு அந்தேரியில் ஒரு வீட்டில் கூடி வாழ்ந்து, கூடிச் சமைத்து, கூடி ஆட்டங்களை யாத்தது. நாட்டியத்தை அமைத்தவர் பர்தன். பின்னாள் சிதார் மேதை இரவிசங்கர் அக்குழுவுக்கு இசையமைத்தார். அக்குழுவும் சில ஆண்டுகளில் கலைந்தது. 1952இல் பர்தன் 'லிட்டில் பாலே குழு' ஒன்றைப் பம்பாயிலேயே தொடங்கினார். அதற்குள் காசநோய் அவர் நுரையீரலை அரித்துவிட்டிருந்தது. தாமே எழுந்து ஆடிக் காட்ட இயலாத நிலை வந்த பின்பும், பிறர் உடல்களைக் கொண்டு யாத்தார்.

அவ்வாறு பிறந்தது அவருடைய 'ராமாயணம்'. அதில் ஆடுபவர் அனைவரும் மரப்பாவைகள்! முழங்கையும் முழங்காலும் கயிற்றால் இழுக்கப்படுவனபோல மட்டுமே அசையும். முகம் முகமூடிக்குள் மறைந்திருக்கும். ஆடுபவர்க்குரிய கண்ணையும் புன்னகையையும் முதலிலேயே பறித்துவிட்டார். இதுவன்றோ ஈற்றடி! அந்த இறுக்கத்துக்குள்ளிருந்தே சீதையின் துயரையும் அனுமன் பாய்ச்சலையும் கொண்டுவர வேண்டியிருந்ததால், ஒவ்வோர் அசைவும் புதிதாய்த் தேடப்பட்டது. நம் நாட்டுத் தோற்பாவையும் பொம்மலாட்டமும் பார்த்த கண்ணுக்கு அஃது அயலாகத் தோன்றாது. பர்தன் 1954இல் மறைந்தார். குழு மறையவில்லை. அவர் மனைவி குல் பர்தன் முதலியோர் அதனைக் காத்தனர்; அது பின்னர்க் குவாலியருக்கும் அதன்பின் போபாலுக்கும் பெயர்ந்தது. குல் அம்மையார் 2010இல் காலமானார்.

அந்தேரியிலிருந்து இனி நம் தாணேப் பக்கம் வருவோம். வாடா என்னும் ஊர் நம் அன்பர்களுக்குத் தெரிந்ததே; 2014இல் பால்கர் தனி மாவட்டமாகும்வரை தாணே மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரில் 1928இல் பிறந்த குஜராத்திப் பெண்மணி சந்திரலேகா. (வாசன் படத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை!) இவர் சென்னை சென்று காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்றார். எல்லப்ப பிள்ளை பாலசரஸ்வதியின் கச்சேரிகளுக்குத் துணை நின்றவர். ஆக, அல்மோரா சென்ற அதே நட்டுவ மரபின் மற்றொரு கிளை இது.

1952இல் இவர் அரங்கேற்றம் நடந்தது. இராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடத்தப்பெற்றது அது. யமுனைக் கரையில் கோபியர் நீர் விளையாடுவதை அபிநயித்துக்கொண்டிருக்கையில், நீரின்றி வெடித்த நிலத்துக்காக நிதி திரட்டும் மேடையில் இத்தனை நீரை அள்ளி இறைக்கிறோமே என்னும் எண்ணம் இவரைத் தாக்கியதாம். கை அசைவு நின்றுவிடவில்லை, ஆட்டம் முடிந்தது, அந்த எண்ணம் மட்டும் முடியவில்லை. சில ஆண்டுகளில் மேடையை விட்டு விலகி, ஓவியம், எழுத்து, பெண்ணுரிமைப் பணி என்று நெடுங்காலம் இருந்தார்.

மீண்டும் இவரை நாட்டியத்துக்கு அழைத்த இடம் நம் பம்பாய். 1984இல் மாக்ஸ் முல்லர் பவன் முயற்சியால் கிழக்கும் மேற்கும் சந்திக்கும் நாட்டியக் கூட்டம் ஒன்று இங்கே நடைபெற்றது. அங்கே இவருடைய ஆட்டம் கண்டோரைத் திடுக்கிடச் செய்தது. மறு ஆண்டு 'அங்கிகா' வந்தது. அதில் கதை இல்லை, கடவுளர் இல்லை, நாயகன் நாயகி இல்லை. பரதத்தின் அரைமண்டி, யோகத்தின் மூச்சு, களரிப்பயிற்சியின் பாய்ச்சல் ஆகிய மூன்றும் எந்த முதுகெலும்பிலிருந்து பிறந்தன என்று தேடினார். 'லீலாவதி' என்னும் படைப்புக்குப் பாஸ்கராச்சாரியாரின் கணித நூலையே பொருளாகக் கொண்டார். கணக்கையும் ஆடலாம் என்று கண்டபோது கணக்கராகிய நாம் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பதை மறைப்பானேன்? சென்னை எலியட்ஸ் கடற்கரையருகே வாழ்ந்து, இளைஞர்க்குப் பயிற்சி கொடுத்து, 2006 டிசம்பர் 30ஆம் நாள் இயற்கை எய்தினார். இவர் குழுவில் ஆடிய பத்மினி செட்டூர் இன்று தமக்கெனத் தனி ஆட்ட மொழி அமைத்துக்கொண்டவர்.

இதற்கிடையில் மேனாட்டில் இப்பாடம் வேறு திசையில் சென்றது. 1960 முதல் நியூயார்க்கில் இராபர்ட் டன் நடத்திய யாப்பு வகுப்பில் பகடை உருட்டி ஆட்ட வரிசை தீர்மானித்தனர். 1962 ஜூலையில் ஜட்சன் ஆலயத்தில் அவ்வகுப்பின் மாணவர் தம் படைப்புகளை ஆடிக்காட்டினர். 1972இல் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கியதோர் ஆசு ஆட்டத்தில், இருவர் ஒருவர்மேல் ஒருவர் உடற்பாரத்தைச் சாய்த்து, அந்தப் பாரம் போகும் வழியில் அசைவர். முன்னேற்பாடு ஏதும் இல்லை. தாணேயிலிருந்து காலை வண்டியில் போரிபந்தர் செல்லும் அன்பர்கள் இதனை ஆண்டுக்கணக்காகப் பயின்று வருகின்றனர்; பட்டயந்தான் கிடைக்கவில்லை.

மரபைக் கற்பிப்போரை நாம் குறைத்துச் சொல்வதாக எவரும் கொள்ளற்க. 1945இல் மாட்டுங்காவில் கோவிந்தராஜ பிள்ளையும் கருணாம்பாள் அம்மையாரும் இராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்காதிருந்தால், திருவிடைமருதூர் வழியின் அடவுகளை இந்நகரத்துத் தமிழ்ப் பெண்கள் எங்கே கற்றிருப்பர்? வீணையை மீட்டத் தெரியாதவன் புதிய இராகம் தேடுவது வீண் முயற்சி. சந்திரலேகாவுக்குக் கைகொடுத்தது எல்லப்ப பிள்ளை தந்த அரைமண்டியே. அல்மோரா மாணவர்க்குக் கைகொடுத்தவை கந்தப்ப பிள்ளையின் அடவும் நம்பூதிரியின் முத்திரையுமே. ஆனால் பத்தாண்டு பயின்ற பெண், திருமணமாகிச் சலங்கையைப் பெட்டியில் வைத்து மூடியபின் அதனை மீண்டும் திறப்பதே இல்லை என்பதை நம் காலனி வீடுகளிலேயே காண்கிறோம். கற்ற உருப்படிகள் மறந்தால் ஆட ஒன்றும் இல்லை என்று அவள் எண்ணுகிறாள். அவளுக்குத் தெரிந்த அடவுகளைக் கொண்டு அவளே ஒன்று கட்டலாம் என்று எவரும் அவளிடம் சொல்லவில்லை.

ஆகவே செயற்குழு அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒலிநாடா வேண்டா, ஒரு மிருதங்கம் போதும். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளை மூவர் மூவராகப் பிரித்து, "இரயில் நிலையத்தில் காத்திருத்தல்" என்னும் ஒரே பொருளையும், முப்பத்திரண்டு தாள அளவையும், பேசக்கூடாது என்னும் ஒரே விதியையும் கொடுத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களே கட்டி வரச் செய்வோம். ஒத்திகைக்கு நம் கூடத்தைத் திறந்துவிடும் பொறுப்பை நாமே ஏற்கிறோம். நிகழ்ச்சி நிரலில், அமைப்பு என்னும் சொல்லுக்கு எதிரே, அந்த மூவர் பெயரையும் அச்சிட வேண்டும்.